புள்ளி விழுந்த மண்டபம்

உடுமலைப்பேட்டையில், சந்தைக்குப் போகிற ரோட்டில், ஓர் இரும்புக்கடைக்கு மேல் மாடியில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கட்டாத கட்டடங்களைப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க மாயமந்திரம் மாதிரி இருக்கும். ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் வேலைதான். வீடு கட்டப் போகிறவர் அளவைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். இவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே சுவர் எழுப்பி, தளம் போட்டு, விளக்கு மாட்டி, ‘வெளிச்சம் எங்கெங்கே விழும், எங்கெங்கே பட்டுத் திரும்பும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்’ என்று அதனிடம் விட்டுவிடுவார்கள். அது முக்கி முனகி அரை நாள் கணக்குப் போட்டு, நிஜ போட்டோ மாதிரியே ஒரு படத்தை வெளியே தள்ளும். இதற்குப் பெயர் ரெண்டர். இந்த வேலையில் புத்தி தேவைப்படுகிற பகுதி முழுவதையும் கம்ப்யூட்டரே செய்துவிடுவதால்தான் இந்த மூவரும் இதில் நிலைத்திருந்தார்கள்.

முதலாளி பெயர் சென்னியப்பன். ஸ்டுடியோ வைப்பதற்கு முன்பு சுவர்களில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர். ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்பதை அவர் அவ்வளவு அழகாக எழுதுவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து சுவர் முன்னால் நிற்பார்கள். வந்ததுதான் வந்தோம் என்று, நின்ற கையோடு அந்தக் காரியத்தையும் முடித்துவிட்டுப் போவார்கள்.

அடுத்தவன் நாச்சிமுத்து. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ஒரு நாள் சென்னியப்பன், “கம்ப்யூட்டரக் கொஞ்சம் பாத்துக்க, வந்தர்றேன்” என்று ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தார். நாச்சிமுத்து இமை கொட்டாமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த ஃபேனையும் நாற்காலிகளையும் யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். “அதைப் பாக்கச் சொல்லலீங்களேண்ணா” என்றான்.

மூன்றாவது துளசிமணி. மூவரில் அறிவாளி. எதையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். கேட்ட கேள்விக்கு அவளே பதிலையும் சொல்லிவிடுவாள் என்பதில்தான் எல்லாக் கேடும் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் தேங்காய் நார் மில் கிட்டுசாமி மாடி ஏறி வந்தார். கல்யாண மண்டபம் ஒன்று கட்டப் போகிறாராம். போன வாரமே அளவெல்லாம் கொடுத்திருந்தார். இப்போது வந்தது அவசரத்தைச் சொல்ல.

“வியாழக்கெழம பூமி பூஜைங்க. தாராபுரத்துலிருந்து சம்பந்தி மாரப்பன் வர்றாரு. மண்டபம் எப்புடி இருக்கும்னு படத்தப் பெரிய ஃப்ளெக்ஸா அடிச்சு அங்க நிறுத்தோணும். புது மண்டபத்துல மொதக் கல்யாணம் நம்ம பசங்க கல்யாணம்னு பேசியிருக்குது. படத்துல ஒரு கொறை இருக்கக் கூடாது. அந்த மாரப்பன் இதுவரைக்கும் ரெண்டு சம்பந்தத்த உதறிட்டு எந்திரிச்ச மனுசன்.”

“எதுக்குங்க எந்திரிச்சாரு?” என்றாள் துளசிமணி.

“ஒரு ஊட்ல ரசத்துல கொத்தமல்லி மெதக்கலைன்னு. இன்னொரு ஊட்ல மெதக்குதுன்னு.” கிட்டுசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எம்பொண்ணு கோகிலா அந்தப் பையனத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா.”

துளசிமணி கவலையோடு கேட்டாள்: “எத்தன நாளா நிக்கறாங்க? கால் வீங்கிரப் போவுதுங்க.”

கிட்டுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாடியிறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே ரெண்டர் முடிந்து படம் வந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, மேடை, மேடைக்கு மேல் சரவிளக்கு, கீழே வரிசை வரிசையாக நாற்காலிகள். ஆனால் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சுவரில், தரையில், நாற்காலிக் காலடியில், எதுவுமே இல்லாத அந்தரத்தில் எல்லாம், ரவையை அள்ளி வீசினாற்போல் மினுங்கிக்கொண்டிருந்தன.

“தூசிங்கண்ணா” என்றான் நாச்சிமுத்து. துணி எடுத்துத் திரையைத் துடைத்தான். போகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்தபோது சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு. மௌஸ் வெச்சு படத்தக் கொஞ்சம் இப்புடித் தள்ளு.”

நாச்சிமுத்து படத்தைத் தள்ளினான். புள்ளிகளும் கூடவே நகர்ந்தன. மூன்று பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

“ஓடுதுங்கண்ணா!”

“அந்தக் கோடிக்குத் தள்ளு.”

தள்ளினான். புள்ளிகள் அந்தக் கோடிக்குப் போயின.

“தொரத்துனா ஓடுது” என்றாள் துளசிமணி. “எது ஓடும்? உசுரு இருக்கறதுதான் ஓடும். அப்ப இதுக்கு உசுரு இருக்குது.”

இதில் ஒரு தப்பும் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. நாச்சிமுத்துவின் தங்கை வீட்டுக்காரர் பரணி, சென்னையில் சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். விவரமான ஆள், நல்ல ஆள். ஒரே குறை, அவர் எப்போது போனை எடுத்தாலும் மேலதிகாரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அதனால் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவருக்குப் போன் போட்டார்கள்.

“மாப்ளே, படத்துல வெள்ளப் புள்ளி வருது” என்றான் நாச்சிமுத்து.

“நல்லா பளிச்சுன்னு மினுங்குதா? அது ஃபயர்ஃபிளை மச்சான். எல்லாருக்கும் வர்றதுதான். மீட்டிங்ல இருக்கேன், வெச்சிடறேன்.”

“ஃபயர்ஃபிளைன்னா என்னங்க?” என்று துளசிமணி கேட்டு, போனிலேயே தேடி, அவளே பதில் சொன்னாள்: “மின்மினிப் பூச்சி.”

சென்னியப்பன் தொடையில் தட்டினார். “அம்மிணி அப்பவே சொன்னா பாரு, உசுரு இருக்குதுன்னு!”

பூச்சி என்றால் வேப்பிலைப் புகை. பின்பக்கத்து மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து, தகர டப்பாவில் நெருப்புப் போட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த ஃபேன் அந்தப் புகையை ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக அதே புகை குபுகுபுவென்று வந்தது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் ஒரு தரம் விக்கிவிட்டு அணைந்துபோனது.

“பூச்சி மயங்கறதுக்குள்ள கம்ப்யூட்டர் மயங்கிருச்சுங்கண்ணா” என்றான் நாச்சிமுத்து.

“மூஞ்சில தண்ணி தெளிக்கலாமா?”

நல்லவேளை, குடத்தில் தண்ணீர் இல்லை. சாயங்காலம் கம்ப்யூட்டர் தானாகவே தெளிந்து எழுந்தது. புள்ளிகளும் தெளிவாக எழுந்தன.

மறுநாள் நாச்சிமுத்து ஒரு பல்லியைப் பிடித்து வந்தான். பூச்சியைப் பல்லி தின்னும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். திரையின் மேல் அதை விட்டார்கள். பல்லி புள்ளிகளைச் சட்டையே செய்யவில்லை. மௌஸின் அம்புக்குறியைப் பார்த்ததும் வாலை ஆட்டி, பாய்ந்து பாய்ந்து கொத்தியது. அது கொத்த, நாச்சிமுத்து அம்புக்குறியை இழுத்துக்கொண்டு ஓட, ஒரு மணி நேரம் இது நடந்தது. கடைசியில் பல்லி வெறுத்துப்போய்த் திரையின் மேல் ஒரு காரியம் செய்துவிட்டு இறங்கிப் போனது. அதையும் சேர்த்தால் புள்ளி ஒன்று கூடியிருந்தது.

மறுபடியும் பரணிக்குப் போன் போட்டார்கள்.

“இன்னும் போகலியா? சாம்பிள் பத்தாது மச்சான். சாம்பிளைக் கூட்டு.”

“எவ்ளோ மாப்ளே?”

“ஒரு ஆயிரமாவது வேணும். பாஸ் பார்க்கறார், வெச்சிடறேன்.”

வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் எத்தனை தடவை கணக்குப் போட வேண்டும் என்கிற எண்ணுக்குத்தான் சாம்பிள் என்று பெயர் என்பதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. துளசிமணி பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடினாள். டைல்ஸ் கடையில் உடைந்த டைல்ஸ் சாம்பிள், திரைத்துணிக் கடையில் வெட்டுத்துணி சாம்பிள், பெயின்ட் கடையில் வண்ண அட்டை, மருந்துக்கடையில் சளி மாத்திரை சாம்பிள், மளிகைக்கடையில் ஷாம்பு பாக்கெட். ஆறேழு நடை நடந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரைச் சுற்றிக் குவித்தாள். அவள் கடைசி நடை போய் வந்தபோது குவியலைக் காணோம். நாச்சிமுத்து விளக்குமாற்றோடு மாடிப்படியில் நின்றிருந்தான். கீழே இரும்புக்கடை வாசலில் ஷாம்பு வழிந்துகொண்டிருந்தது.

“எங்க என்ற சாம்பிளெல்லாம்?”

“கூட்டியாச்சு” என்றான் நாச்சிமுத்து.

“கூட்டச் சொன்னா கூட்டீட்டியா?”

“கூட்டச் சொன்னாக் கூட்டாம?”

விஷயம் முதலாளியிடம் போனது. சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார்.

“பள்ளிக்கூடத்துல கூட்டல்னா என்ன? சேக்கறது. அம்மிணி சொல்றது சரி.”

“ஊட்டுல கூட்டறதுன்னா தள்ளறதுங்களேண்ணா” என்றான் நாச்சிமுத்து.

“அதுவுஞ் சரி. பேசாம, பெருக்கச் சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது.”

“பெருக்கறதும் வெளக்குமாத்துலதானுங்கண்ணா!”

சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. கணக்குப் பாடத்தை இத்தனை வருஷமாக விளக்குமாறு இல்லாமல் எப்படி நடத்தினார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில், துளசிமணி மறுபடி சாம்பிள்களை மேலே கொண்டுவருவது, நாச்சிமுத்து மறுபடி தள்ளுவது, இரண்டும் மாறி மாறி நடக்கட்டும், எது சரியோ அது பலிக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். பொழுது சாய்கிற வரைக்கும் நடந்தது. எதுவும் பலிக்கவில்லை. சளி மாத்திரையை மட்டும் யாரோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

புதன்கிழமை விடிந்தது. மறுநாள் பூஜை. சென்னியப்பனுக்குக் காப்பி இறங்கவில்லை. கிட்டுசாமி கையில்தான் ஊரில் பாதிப் பேருடைய வேலை இருந்தது. அவர் ஒரு சொல் சொன்னால் இந்த மாடிக்கு அப்புறம் ஒருத்தரும் ஏற மாட்டார்கள். அந்தப் பெண் கோகிலா வேறு இன்னும் எந்தக் காலில் நிற்கிறாளோ என்று துளசிமணி அடிக்கடி நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் தாமே போனை வாங்கிப் பேசினார். “மாப்ளைங்களா? சாம்பிளெல்லாம் கூட்டிப் பாத்தாச்சுங்க. ரெண்டு விதமாவும் கூட்டியாச்சு. போக மாட்டீங்குது.”

“சாம்பிள் கூட்டியும் போகலைன்னா, அது நாய்ஸ்தாங்க. பேசாம டீநாய்ஸ் குடுத்துடுங்க.”

“நாய்ஸுக்கா?”

“ஆமாங்க. எவ்வளவு நாய்ஸ் இருக்கோ, அவ்வளவுக்கும் குடுங்க. சுத்தமாப் போயிடும்.”

போனை வைத்துவிட்டு சென்னியப்பன் மற்ற இருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஒளி தெரிந்தது. “நாயிங்களுக்கு டீ குடுக்கோணுமாம்.” டீநாய்ஸ் என்பது புள்ளியைத் துடைத்தெடுக்கிற ஒரு பொத்தான் என்பதை யார் கண்டது?

“எதுக்குங்க?” என்று கேட்டாள் துளசிமணி. உடனே, “பரிகாரம்” என்று பதிலும் சொன்னாள். “பைரவருக்கு நாய்தானுங்களே வாகனம். ஏதோ தோசம் இருக்குது.”

“சக்கரை போட்டா, போடாமலாங்கண்ணா?” என்றான் நாச்சிமுத்து.

“சொல்லலை.”

“அப்பப் போடக் கூடாதுங்க. சொன்னதுக்கு மேல நாமளா எதுவும் பண்ணக் கூடாது.”

சந்தை ரோட்டில் இருந்த அத்தனை நாய்க்கும் டீ வாங்கி, கொட்டாங்குச்சியில் ஊற்றி, ஒவ்வொன்றின் முன்னாலும் வைத்தார்கள். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு இவர்களைப் பார்த்தன. சர்க்கரை இல்லாத டீயை நாய்கூடக் குடிக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துளசிமணி ஒரு பை நிறையப் பொறை ரொட்டி வாங்கி, டீயில் நனைத்து நீட்டினாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? பக்கத்துத் தெரு நாய்களுக்கும் சேதி போய், அவையும் வந்தன. பொறைப் பையோடு துளசிமணி மாடி ஏற, நாய்களெல்லாம் பின்னாலேயே ஏறின.

கிட்டுசாமி படம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அந்த நேரத்தில்தான் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில், சம்பந்தி வீட்டுக்கென்று வாங்கிய தேங்காய் பன். பாதிப் படியில் அவர் மேலே பார்த்தார். நாய்கள் கீழே பார்த்தன.

என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்வது மரியாதையாக இருக்காது. பன்னை முதலிலேயே கீழே போட்டிருந்தால் தப்பித்திருப்பார். போடவில்லை. கடைசியில் இரும்புக்கடைக்குள், தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கீல்களுக்கும் நடுவே, கோடு போட்ட அரைக்கால் டிராயரோடு நின்றுகொண்டு, அவர் மாடியைப் பார்த்துக் கத்தினார்: “நாளைக்குக் காலைல படம் வரோணும்! வரலைன்னா உங்க மூணு பேரையும் நார் மில்லுல போட்டுக் கயிறாத் திரிச்சுப்புடுவேன்!”

அவருடைய வேட்டி நாய்களோடு ரோட்டின் அந்தக் கோடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

“திரிக்க முடியுங்களாண்ணா?” என்றான் நாச்சிமுத்து. “நம்ம ஒடம்புல நார் இல்லீங்களே.”

கடைசி முறையாகப் பரணியைக் கூப்பிட்டார்கள். பாவம், அந்த மனுஷருக்கும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. “அப்படின்னா கிளாம்ப் போட்டுடு மச்சான். நல்லா இறுக்கிப் போடு, அடங்கிடும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அவர் சொன்னது, வெளிச்சத்துக்கு வரம்பு கட்டுகிற ஓர் அளவை. இவர்கள் கிளாம்புக்கு எங்கே போவது என்று அலையவே வேண்டாம். கீழேயே இரும்புக்கடை. ஆசாரிகள் பலகையை இறுக்கிப் பிடிப்பதற்கு வைத்திருக்கிற திருகு கிளாம்பில் பெரியதாக ஒன்று வாங்கி வந்தார்கள். எங்கே புள்ளி நெருக்கமாக இருந்ததோ, அந்த இடத்தில் திரையின் விளிம்பில் மாட்டினார்கள். நாச்சிமுத்து திருகினான்.

“அடங்குச்சா?”

“இல்லீங்கண்ணா.”

“நல்லா இறுக்கச் சொன்னாருல்ல?”

நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்றுத் திருகினான். சடக்கென்று ஒரு சத்தம். திரையில் கீழிருந்து மேலாக ஒரு விரிசல் ஓடி, ஒரு புள்ளியைத் தொட்டு, வளைந்து, இன்னொரு புள்ளியைத் தொட்டு நின்றது.

சென்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் சுவர் எழுத்து எழுதத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த எழுத்துகளுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதும் நினைவுக்கு வந்து, கண்ணில் நீர் கட்டியது.

துளசிமணி மட்டும் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, புள்ளி எதுக்கு வெப்பாங்க?” என்றாள். “கோலம் போடறதுக்கு. அப்ப இந்தக் கம்ப்யூட்டரு ரெண்டு நாளா என்ன சொல்லுது? ‘நான் புள்ளி வெச்சுட்டேன், மீதிய நீங்க போடுங்க’ன்னு சொல்லுது. நமக்குத்தான் புரியலை.”

சென்னியப்பன் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

விரிசல் இல்லாத பக்கமாகப் படத்தை நகர்த்தி நகர்த்தி, துளசிமணி மௌஸால் கோலம் இழுத்தாள். சரவிளக்கில் ஆரம்பித்த கோடு, அந்தரத்தில் வளைந்து, மேடைக்கு முன்னால் சுழித்து, நாற்காலிகளின் தலைக்கு மேலாகக் கண்ணாடிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. கம்ப்யூட்டர் வைத்த புள்ளிகள் ஓர் ஒழுங்கில் இல்லாததால் கோலம் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்றது.

“இங்க ஒரு புள்ளி கொறையுதுங்கண்ணா. அங்கயும் நாலு வேணும்.”

“கொறையுதா?” என்று பதறினார் சென்னியப்பன். “நாச்சிமுத்து, மாப்ளைக்குப் போன் போடு. புள்ளி எப்படி வர வெக்கறதுன்னு கேளு.”

நாச்சிமுத்து போன் போட்டுக் கேட்டான். அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம் கேட்டது. குறைந்த புள்ளிகளைத் துளசிமணியே வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, பூமி பூஜைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸை நிறுத்தினார்கள். கிட்டுசாமிக்கு அப்போதுதான் அதைப் பார்க்க நேரம் கிடைத்தது. பார்த்தார். அந்தரத்தில் தொங்குகிற கோணல்மாணல் கோலத்தைப் பார்த்தார். சென்னியப்பனின் கழுத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் கார் வந்து நின்று, அதிலிருந்து மாரப்பன் இறங்கிவிட்டார்.

மாரப்பன் ஒல்லியான மனிதர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பின்னால் நின்ற கோகிலா, மாப்பிள்ளைப் பையனின் சட்டை முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இது என்னுங்க, அந்தரத்துல?” என்றார் மாரப்பன்.

“கோலமுங்க” என்றான் நாச்சிமுத்து.

“தரைல போடறதத்தான் நான் பாத்திருக்கறேன்.”

“தரைல போட்டா மிதிச்சுருவாங்களுங்களே” என்றாள் துளசிமணி.

மாரப்பன் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில், ஆயுசில் முதல் தடவையாக, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மனிதரின் திகைப்பு இருந்தது.

“சம்பந்தி, நான் தமிழ்நாடு பூராவும் கல்யாணத்துக்குப் போயிருக்கறேன். எல்லா மண்டபத்துலயும் கோலத்த மிதிச்சுட்டுத்தான் உள்ள போறாங்க. ஒருத்தனுக்கும் இந்த ரோசன வரலை பாருங்க. மண்டபம் இதே மாதிரி வரோணும். அச்சு அசலா இந்தப் படந்தான். ஒரு இம்மி மாறுச்சுன்னா, தாலி கட்டற நேரமா இருந்தாலும் சரி, நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்.”

கிட்டுசாமி சந்தோஷத்தில் அழுதார். அந்தரத்தில் கோலத்தை எப்படிக் கட்டுவது என்று யோசித்தபோது, அதே கண்ணீரோடு மறுபடி அழுதார்.

எப்படியோ கட்டினார்கள். இஞ்சினியர் இரண்டு முறை வேலையை விட்டு ஓடிப்போய், இரண்டு முறையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டார். கூரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் இறக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன பல்பு தொங்கவிட்டு, பல்புக்குப் பல்பு வெள்ளைக் குழாய் வளைத்து மாட்டினார்கள். தை மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். கிட்டுசாமி நம்பிக்கையான ஆட்கள் வேண்டுமே என்று மூன்று பேரையும் கூப்பிட்டார்.

“படம் போட்டது நீங்கதான். உங்களுக்குத்தான் அதுல எது எங்க இருக்குதுன்னு தெரியும். கல்யாணத்தன்னிக்குப் படத்தக் கையில வெச்சுட்டு ஒத்துப் பாத்துட்டே நில்லுங்க. படத்துல இல்லாதது ஒண்ணுகூட மண்டபத்துக்குள்ள இருக்கக் கூடாது. எம்பொண்ணு வாழ்க்கை உங்க கையிலதான் இருக்குது.”

நாச்சிமுத்து தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபம் ஜெகஜோதியாக இருந்தது. சொந்தக்காரர்கள் ஒறம்பரை ஒறம்பரையாக வந்து இறங்கினார்கள். நாதஸ்வரம் ஒலிக்க ஆரம்பித்தது. துளசிமணி படத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள்.

“அண்ணா, படத்துல குத்துவெளக்கு இல்லீங்க.”

குத்துவிளக்கை வெளியே எடுத்தார்கள்.

“நாதஸ்வரக்காரரு இல்லீங்க.”

அவரையும் வெளியே அனுப்பினார்கள். வாசிப்பதை நிறுத்தாமலே நடந்து போனார். தவில்காரர் பின்னாலேயே போனார்.

“சேரெல்லாம் படத்துல காலியா இருக்குதுங்கண்ணா.”

சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் தயவு செஞ்சு எந்திரிச்சு வெளிய போகோணும். சம்பந்தி ஊட்டு ஆசைங்க. சாமானம் எதையும் விட்டுட்டுப் போயராதீங்க.”

ஊர் ஜனம் எழுந்தது. அக்கினி வளர்த்துக்கொண்டிருந்த ஐயரை நாச்சிமுத்து தோளைத் தொட்டு எழுப்பினான். அப்புறம் மணமேடைக்குப் போய் மாப்பிள்ளைப் பையன் முன்னால் படத்தை விரித்துக் காட்டினான். “நீங்களே பாத்துக்குங்க, மாப்ளே. இதுல எங்கயாவது நீங்க இருக்கறீங்களா?”

பையன் மரியாதையானவன். தேடிப் பார்த்தான். “இல்லீங்க.”

“பொண்ணும் இல்லீங்க” என்றான் நாச்சிமுத்து.

கிட்டுசாமி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். “அடப் பாவிகளா! என்றா பண்றீங்க!”

“நீங்க சொன்னதத்தானுங்க பண்றோம்” என்றாள் துளசிமணி. “படத்துல இல்லாதது ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே.”

கிட்டுசாமி கரண்டியோடு மாரப்பன் பக்கம் திரும்பினார். மாரப்பன் படத்தை வாங்கி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“அந்த அம்மிணி சொல்றது வாஸ்தவம், சம்பந்தி. அச்சு அசல்னா அச்சு அசல்தான்.”

ஐயர் முகூர்த்தம் போகிறது என்று கத்தினார். கோகிலா யாரையும் கேட்கவில்லை. ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையில் மாப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து வெளியே போனாள். கார் நிறுத்துகிற இடத்தில், இரண்டு வேன்களுக்கு நடுவே தாலி கட்டினார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு வேன் மேல் ஏறிக் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டினார். கூட்டம் கார்களின் இடுக்கில் நின்று அட்சதை போட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மண்டபம் எங்கே இருந்தால் என்ன?

தாலி ஏறியதும் மாரப்பன் மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தார். ஓர் ஆள் இல்லை. நாற்காலிகள் நேராக நின்றன. அந்தரத்தில் கோலம் மினுங்கியது. “ஆகா!” என்றார்.

“மாமா, நீங்களும் படத்துல இல்லீங்க” என்றாள் துளசிமணி, வாசலில் இருந்தபடி.

மாரப்பன் படத்தைப் பார்த்தார். தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “அட, ஆமா” என்று சொல்லிவிட்டு, சத்தம் கேட்காமல் நுனிக்காலால் வெளியே வந்தார். வந்தவர் படத்தை மறுபடி பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

“இதுல கதவு சாத்தியிருக்குது. உள்பக்கமாத் தாப்பாளும் போட்டிருக்குது பாருங்க.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். சென்னியப்பன் தாடையைத் தடவினார். “உள்ள தாப்பாள் போடோணும்னா உள்ள ஒரு ஆள் வேணும். உள்ள ஆள் இருந்தா படத்துல இல்லாத ஆள் ஆயிருமே.”

இது லேசான பிரச்சினை இல்லை. மாரப்பன், சென்னியப்பன், துளசிமணி மூன்று பேரும் கதவுக்கு முன்னால் நின்று வெகுநேரம் யோசித்தார்கள். பின்னால் பந்தி நடந்து முடிந்து, இலை எடுத்து, அடுத்த பந்தி உட்கார்ந்தது. கடைசியில் நாச்சிமுத்துதான் முன்னால் வந்தான்.

“நான் உள்ள போயித் தாப்பாள் போடறேனுங்க. போட்டதும் கண்ண இறுக்கி மூடிக்கறேன். யாருக்கும் தெரியாது.”

மாரப்பன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். “மூச்சு மட்டும் சத்தமா விட்றாத.”

நாச்சிமுத்து உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மாரப்பன் கண்ணாடியைக் கழற்றி, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“ஒருத்தருமே இல்லை” என்றார், மனசு நிறைந்து.